நான் குதித்ததும் நீ வா

அக்டோபர் 13, திங்கள்

மறுபடியும் செத்தோம். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணினால் வயிறு எரிகிறது.

ஆபீஸில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. யாரிடமாவது திட்டித் தீர்க்க வேண்டும். வீட்டில் மாமியாரை விட்டால் ஆள் கிடையாது. அவர்களிடம் சொன்னால் ஜெபமாலையைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். ஆகையால் இனிமேல் இந்த டைரி வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். 'ஏழு வாசல்' என்று ஃபோனில் ஆடுகிற ஆட்டம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருப்போம். ஆளுக்கொரு வேடம், ஆளுக்கொரு பெயர். எட்டெட்டுப் பேராகச் சேர்ந்துகொண்டு ஒவ்வொரு வாசலிலும் நிற்கிற அரக்கனைச் சாய்க்க வேண்டும். எங்கள் கூட்டத்தின் பெயர் 'சங்கு'. தலைவி நான். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் எந்தக் கப்பல் எப்போது வரும் என்று பார்த்து எழுதுகிற ஜெனோவாவை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே போய்விட்டால் நான் 'கடல்காளி'. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்று அடி வாங்குகிறவள்.

போன வாரம் ஏழாவது வாசலைத் திறந்தார்கள். அங்கே நிற்கிறவனுக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அவன் மொட்டையன். முதல் முதலாக அவனைச் சாய்க்கிற எட்டுப் பேரின் பெயரை நகர முகப்பில் இருக்கும் கல்லில் பொறிப்பார்கள். ஆட்டம் இருக்கிறவரைக்கும் அந்தக் கல் இருக்கும். இரண்டாவதாக வருகிறவர்களுக்கு ஒன்றுமே கிடையாது.

எனக்கு அந்தக் கல்லில் பெயர் வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து எதிலுமே நான் முதலில் வந்ததில்லை.

அக்டோபர் 15, புதன்

மொட்டையனின் அடியை ஒரே ஆள் தாங்க முடியாது. கொஞ்ச நேரம் நான் தாங்குவேன். என் கேடயத்தில் விரிசல் விட்டதும் பின்னால் நிற்கும் இன்னொரு கேடயக்காரர் முன்னால் வந்து அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். அவருடையது விரிசல் விட்டதும் திரும்ப நான். இதைக் கை மாற்றுவது என்போம். கை மாற்றும்போது கண் இமைக்கிற நேரம் பிசகினால் போதும், எட்டுப் பேரும் காலி.

என்னோடு கை மாற்றுகிற ஆளின் பெயர் 'நங்கூரம்'. நங்கூரம் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரன் ரீகன். சரக்குக் கப்பலில் ஃபிட்டர். காலேஜில் என் வகுப்பு, அதனால் எங்களுக்குள் நீ, நான்தான். மாமியார் முன்னால் மட்டும் மரியாதையாக 'அவிய'.

அவன் என் வீட்டுக்காரன் என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. நான்தான் சொல்லவேண்டாம் என்றேன். சொன்னால் தலைவியாவது ஒன்றாவது. "அண்ணே, அக்காட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று எல்லாப் பேச்சும் அவன் வழியாகத்தான் வரும். ரீகனுக்கு இது பெரிய வேடிக்கை. என்னைக் கேப்டனம்மா என்றுதான் கூப்பிடுவான்.

தினமும் சாயங்காலம் ஏழரைக்கு, ஜெபமாலை முடிந்ததும் ஆட்டம். மற்ற ஏழு பேரும் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே ஆடுவோம். கப்பல் நெட்டில் அவனுக்குக் குரல் வராது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கை மாற்றும் நேரம் வந்தால் கடல்காளி நின்ற இடத்தில் ஒரு குதி குதிப்பாள். நான் குதித்ததும் அவன் வர வேண்டும். ஆறு வாசலையும் இப்படித்தான் தாண்டினோம். நான் குதிப்பது அவன் பக்கம் தாமதமாகத்தான் தெரியும் என்பதால் கொஞ்சம் முந்தியே குதிப்பேன். கொழும்புப் பக்கம் என்றால் ஒரு இமைப்பு முந்தி. ஆப்பிரிக்காவைச் சுற்றுகிறான் என்றால் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குகிற நேரம் முந்தி. அவன் சொல்லாவிட்டாலும் கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது பிரேசிலை நோக்கிப் போகிறான். ஆறாவது வாசலில் அந்தத் தாமதத்தைச் சமாளிக்க முடிந்தது. மொட்டையனிடம் முடியவில்லை.

ஆட்டம் முடிந்து எழுந்தபோது மாமியார் கேட்டார்கள். "ஏட்டி, ரீகன்ட்ட பேசுனியா?"

"பேசுனேன் அத்தை" என்றேன். குதித்தேன் என்றா சொல்ல முடியும்.

அக்டோபர் 18, சனி

'பிளேடு' என்று ஒரு கூட்டம். சென்னைப் பையன்கள். தலைவன் பெயர் மதன். மொட்டையனின் உயிரைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்களாம். நாங்கள் இன்னும் பாதியைத் தொடவில்லை. பொதுவில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் மதன் எழுதுகிறான்: "சங்கு, நீங்களே ஊதிக்கிறீங்களா, இல்ல நாங்க வந்து ஊதட்டா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசைக்கரண்டி கையில் இருந்ததையே மறந்து ஒரு தோசையைக் கருக்கினேன். மாமியார் கருகினதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்கள். அது வேறு எரிச்சல்.

எங்கள் கூட்டத்தில் பாஸ்கி என்று மதுரைக்காரன் ஒருவன். வாள் வீசுகிறவன், வாயும் வீசுவான். இன்றைக்கு ரீகன் மறுபடி பிந்தி வந்து எட்டுப் பேரும் செத்ததும் சொன்னான்: "அக்கா, இந்த நங்கூரம் அண்ணே கப்பல்ல வர்றாரா, கட்டவண்டில வர்றாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரீகனுக்குத்தான் கேட்காதே.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பாஸ்கி வரவில்லை. ஆட்டம் இல்லை. மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

ரீகன் கூப்பிட்டான். கப்பல் பிரேசிலில் சாந்தோஸ் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறதாம்.

"எனக்குப் பதிலா ஏற வேண்டிய ரிலீவருக்கு விசா வரலயாம். மூணு மாசம் கூட இருக்கியான்னு ஆபீஸ்ல கேக்காங்க" என்றான்.

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னுட்டேன். டிசம்பர் மொத வாரம் எறங்கிருவேன். கிறிஸ்மஸுக்கு வீட்டுல இருக்கணும். அதுக்கு முன்னால மொட்டையன முடிக்கணும்லா, கேப்டனம்மா."

பேசின நேரமெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவன் கை ஏன் பிந்துகிறது என்பது இப்போதல்லவா தெரிகிறது. "கொஞ்சம் தூங்கி எந்திச்சு வந்து ஆடு. கை சுறுசுறுப்பா இருக்கும்" என்றேன்.

சிரித்தான். "சரி கேப்டனம்மா" என்றான்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றினோம். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. மாமியார் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார்கள். பைக்குள் என் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுக்கக்கூடாது என்று நினைத்தேன், எடுத்துவிட்டேன். பிளேடு கூட்டம் மொட்டையனைக் கால் உயிருக்குக் கொண்டுவந்துவிட்டதாம்.

சாமியார் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்கிற நேரத்தில் நான் கேடயத்தைப் பலமாக்க எந்தக் கல்லை மாற்றிப் பதிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமனார் மன்னிப்பார். அவரும் சீட்டாட்டத்தில் பேர்போனவர்.

நவம்பர் 5, புதன்

பாஸ்கி ஓர் ஆளைக் கூட்டிவந்தான். இளமாறன். தஞ்சாவூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். கேடயக்காரன். அவன் இருந்த கூட்டம் கலைந்துவிட்டதாம். கை மின்னல்.

"ஓட்டு எடுப்போம்க்கா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நங்கூரம் அண்ணே நல்ல மனுசன்தேன். ஆனா அவர வச்சுக்கிட்டு கல்லுல பேரு வராது" என்றான் பாஸ்கி.

கோயம்புத்தூரிலிருந்து ஆடுகிற சுபத்ரா மட்டும் வேண்டாம் என்றாள். எல்லோருடைய காயத்துக்கும் மருந்து போடுவது அவள் வேலை. "ஆறு வாசல் நம்மகூட வந்தவருங்கக்கா" என்றாள். மற்றவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். தலைவிக்கு ஓட்டு கிடையாது, முடிவுதான்.

முதலில் ரீகனிடம் பேசிவிடுகிறேன் என்றேன். வாட்ஸப்பில் கூப்பிட்டேன். போகவில்லை. செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்கிலேயே நின்றது. ஆட்டம் தொடங்குகிற நேரம். பிளேடுக்காரர்கள் ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒரு புது ஆளைச் சேர்க்க வேண்டும் என்றால் எட்டில் ஒருவரை வெளியே எடுக்க வேண்டும். வெளியே எடுத்தால் அவருடைய திரையில் தானாகவே ஒரு அறிவிப்புப் போகும். தலைவி உங்களை நீக்கிவிட்டார் என்று.

அழுத்திவிட்டேன்.

தலைவி என்றால் எடுத்துத்தான் ஆகவேண்டிய முடிவு. இதில் சொந்தம் பந்தம் பார்க்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். ரீகன் புரிந்துகொள்வான். இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான், அவனுக்குத் தெரியாதா.

புரிந்துகொள்வான்.

நவம்பர் 6, வியாழன்

நான் விவரமாக எழுதி அனுப்பியதற்குப் பதில் வந்தது. "நோட்டீஸ் வந்துச்சு. சரி கேப்டன்."

கேப்டனம்மா இல்லை, கேப்டன். வேலை அவசரத்தில் அடித்திருப்பான்.

நவம்பர் 8, சனி

இளமாறன் பிரமாதம். "வா" என்று வாயைத் திறப்பதற்குள் வந்து நிற்கிறான். மொட்டையன் உயிர் கால்வாசிக்கும் கீழே வந்துவிட்டது. பொதுவில் மதனுக்கு நான் எழுதினேன்: "பிளேடு மொன்னை ஆயிட்டா?" பாஸ்கிக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷமாக இருக்கிறது. நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. ரீகனுக்கும் எழுதினேன். பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

சாளை மீன் மலிவாகக் கிடைத்தது. நானும் மாமியாரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"ரீகன் மத்தியானம் போன் பண்ணாம்ட்டி. மூணு மாசம் கூட இருக்கப்போறானாம். கையெழுத்துப் போட்டுட்டானாம். மார்ச்சுலதான் வருவானாம். ஒன்ட்ட சொன்னாம்லா?"

"சொன்னாவ அத்தை."

"கிறிஸ்மஸுக்கு வந்துருவேன்னுல்லா சொல்லிட்டு இருந்தான்."

"கம்பெனில கேட்டிருக்காவ. என்ன செய்ய?"

மாமியார் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மீனைப் பார்த்தேன். செதில் எல்லாம் போன பிறகும் அதே மீனைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். "போதும், விடு" என்று வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல ஆட்டம். சுமார்.

நவம்பர் 14, வெள்ளி

மார்க்கெட்டில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் செல்வினும் அதே கப்பலில்தான் இருக்கிறார். தேங்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "என்னக்கா, ஒங்க வீட்டுக்காரரு இப்பம் வெளாடுறத விட்டுட்டாராமே?"

"ஏன், என்ன சொன்னாவ?"

"எங்க இவிய போன்ல சொல்லிச் சிரிப்பாவ. தெனமும் காலையில பதினோரு மணிக்கு வேலைக்கு நடுவுல எந்திச்சுப் போயிருவாராம். அந்த நேரம் இவிய அவரு வேலையப் பாப்பாவளாம். அதுக்குப் பதிலா ராத்திரி இவிய வேலைய அவரு பாத்துக் குடுப்பாராம். வாரக்கணக்கா ஒழுங்கா தூக்கமே கெடையாதாம். இப்பந்தான் மனுசன் தூங்குதாருன்னு சொன்னாவ."

காலையில பதினோரு மணியா என்று கேட்டேன். "நமக்கு சாயந்தரம் ஏழரைன்னா அங்க காலையில பதினொண்ணுதான? நீங்கதான் கப்பல் ஆபீஸ்ல இருக்கிய, எனக்குச் சொல்லணும்" என்றாள்.

நாள் முழுக்க நான் செய்கிற வேலை அதுதான். சாந்தோஸில் எத்தனை மணி, டர்பனில் எத்தனை மணி, இங்கே எத்தனை மணி என்று மாற்றி மாற்றி எழுதுவது. மேஜைக்கு மேலே நாலு கடிகாரம் மாட்டியிருக்கிறது. ஏழரை என்றால் எல்லோருக்கும் ஏழரை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தூங்கி எழுந்து வந்து ஆடு என்று சொன்னேன். சரி கேப்டனம்மா என்றான்.

நவம்பர் 15, சனி

இன்றைக்கு முடிந்திருக்க வேண்டியது. மொட்டையன் உயிர் நூலளவுதான் பாக்கி. இன்னும் ஒரே ஒரு கை மாற்றல். பாஸ்கி இப்போதே கத்த ஆரம்பித்துவிட்டான். என் கேடயம் விரிசல் விட்டது. இளமாறன் வரவில்லை. நான் செத்தேன், அடுத்து சுபத்ரா, அடுத்து எல்லோரும்.

"என்னடா பண்ணிக்கிட்டிருந்த?" என்று பாஸ்கி அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டான். "அக்கா வான்னு சொல்லலண்ணா" என்றான் இளமாறன். "அதுகூடச் சொன்னாத்தேன் தெரியுமா? கண்ணு எங்க இருந்துச்சு?" அப்புறம் என்னென்னவோ. பையன் ஆட்டத்தை விட்டு வெளியே போய்விட்டான்.

நெட் இழுத்திருக்கும். மழைக்கு இங்கே அடிக்கடி அப்படி ஆகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் சுபத்ராவிடமிருந்து செய்தி. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து கடைசில நீங்க வான்னு கூப்புடலீங்க. எகிறிக் குதிச்சீங்க. நான் உங்களையேதான் பாத்துட்டிருந்தேன். எதுக்குங்கக்கா குதிச்சீங்க?"

நெட் இழுக்கவில்லை. நேற்று எழுதியது பொய்.

கேடயம் விரிசல் விட்டதும் எனக்கு வாய் திறக்கவில்லை. கை தானாகப் போய்க் குதித்துவிட்டது. அதுவும் எப்படி, முந்தியே குதித்தேன். ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குகிற நேரம் முந்தி. பின்னால் நங்கூரம் நிற்கிறது என்றுதான் என் கை நினைத்திருக்கிறது. குதித்துவிட்டு, இதோ வந்துவிடுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர்ப் பையன் பக்கத்திலேயே நிற்க, நான் பிரேசிலில் இருக்கிறவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்கி அந்தப் பையனைத் திட்டும்போது வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். அசிங்கமாக இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

பிளேடு முடித்துவிட்டது.

நகர முகப்புக்குப் போய்க் கல்லைப் பார்த்தேன். எட்டுப் பெயர். மதன் பெயர் முதலில். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நம் பெயர் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். கடல்காளிக்குப் பக்கத்தில் இளமாறன் என்று இருந்திருக்கும். அதைப் பார்க்கவா இத்தனை பாடு.

மதன் தனியாகச் செய்தி அனுப்பினான். கிண்டலாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன்.

"மேடம், கோச்சுக்காதீங்க, பொதுவுல போட்டதெல்லாம் சும்மா ஜாலிக்கு. நீங்க ஆறாவது வாசல்ல ஆடுன வீடியோவ எத்தன வாட்டி பாத்திருப்போம் தெரியுமா? நீங்களும் நங்கூரமும் கை மாத்துறத பாத்துதான் நாங்க கத்துக்கினோம். வாயத் தொறக்காமயே மாத்துறீங்களே, எப்பிடி? நீங்க அவர எடுத்துட்டீங்கன்னதும் எங்களாண்ட கூப்ட்டோம். சங்கு ஆளு நான், வேற எங்கயும் ஆடுறதில்லன்னு சொல்ட்டாரு."

இப்போது அழுகை வந்தது. மாமியார் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள்.

நவம்பர் 19, புதன்

எல்லோரையும் கூப்பிட்டேன். இளமாறனையும் கெஞ்சி வரவைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சனிக்கிழமை தப்பு என்னுடையது. நான் கூப்பிடவில்லை, குதித்தேன். ஏன் குதித்தேன் என்றால் நங்கூரத்துக்கு அதுதான் பாஷை. நங்கூரம் என் வீட்டுக்காரர்.



"அக்கா, நான் அண்ணன கட்டவண்டின்னு சொன்னேனேக்கா" என்றான் பாஸ்கி.

"நானும் சிரிச்சேனேப்பா."

இளமாறன்தான் பெரிய மனிதன் போலப் பேசினான். "விடுங்கக்கா. என்னக் கூப்பிடலயேன்னுதான் கொழம்பிட்டேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு." பாஸ்கி அவனிடம் மன்னிப்புக் கேட்டான். மதுரைக்காரன் மன்னிப்புக் கேட்டு இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ரீகனுக்கு நீளமாக எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். கடைசியில் இதை அனுப்பினேன்: "நீ இல்லன்னு தெரிஞ்சும் குதிச்சிட்டேன். செத்துப்போனோம்."

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது, காற்றுச் சத்தம்.

"செல்வின் வேலையெல்லாம் பாத்தியாமே. எனக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நேரத்த மாத்துவ. ஒம்பது மணிக்கு ஆபீஸு, ஏழு மணிக்கு ஜெபமால. ஒனக்கு இருக்கது அந்த ஏழரைதான?"

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"நீயும் அழுத்துறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, ஜெனோ."

சொல்ல வந்தேன், போன் போகவில்லை, ஒற்றை டிக், பிளேடு உள்ளே இறங்கிவிட்டது என்று வரிசையாக எல்லாம் வாய் வரை வந்தது. "ஆமா" என்றேன்.

"கோவத்துலதான் கையெழுத்துப் போட்டேன்."

"கோவம் போயிட்டா?"

"கோவம் போயிட்டு. காண்ட்ராக்ட் போவல."

சிரித்தோம். ஆனாலும் மார்ச்சு வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கிறிஸ்மஸ் போனது போனதுதான்.

"நாளையிலேர்ந்து நீ எப்பம் வேலைக்கு எறங்குவ?" என்று கேட்டேன். காலை எட்டு மணிக்கு என்றான். அவன் ஆறு மணிக்கு எழுந்தால் இங்கே மத்தியானம் இரண்டரை. ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தை இரண்டரைக்குத் தள்ளிவைக்கச் சொல்லி மேனேஜரிடம் ஃபோனில் கேட்டிருக்கிறேன். காரணம் கேட்டார். வீட்டுக்காரரிடம் பேச வேண்டும் என்றேன்.

டிசம்பர் 3, புதன்

ரீகன் இறங்கியிருக்க வேண்டிய வாரம். நட்சத்திரம் கட்ட ஸ்டூலில் ஏறினேன். எட்டவில்லை. மாமியார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் அவன் செய்ற வேலை" என்றார்கள்.

டிசம்பர் 24, புதன்

ஆபீஸ் மத்தியானத்தோடு முடிந்தது. எல்லோரும் கேக்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் கடிகாரங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ரீகன் கப்பல் இப்போது அர்ஜென்டினாவில். அங்கே காலை ஆறு, இங்கே இரண்டரை.

ஏழாவது வாசலுக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். கல்லில் இனி யாருடைய பெயரும் ஏறாது, ஆனாலும் வந்தார்கள். எட்டுப் பேர்தான் உள்ளே போகலாம். பாஸ்கி தன் இடத்தை இளமாறனுக்குக் கொடுத்துவிட்டான். "நான் வெளிய நின்டு பாக்குறேன்க்கா. கட்டவண்டின்னு சொன்னதுக்கு இது" என்றான். இளமாறன் கேடயத்தை வைத்துவிட்டு வாள் எடுத்திருந்தான்.

கடைசியில் நங்கூரம் வந்தது. "கேப்டனம்மா, ரெடி" என்று ஒரு வரி.

மொட்டையன் எழுந்தான். அடித்தான். வாங்கினேன். ரீகன் இதுவரைக்கும் இவ்வளவு தூரம் போனதில்லை. எவ்வளவு முந்தி என்று எனக்கே தெரியவில்லை. கேடயத்தில் இன்னும் விரிசலே விடவில்லை, ஒரு குதி குதித்தேன்.

வரவில்லை. விரிசல் விட்டது. "அக்கா, கேடயம் போகுதுங்க" என்றாள் சுபத்ரா. இளமாறன் ஓர் அடி எடுத்து வைத்தான், நான் வரட்டுமாக்கா என்றான். "பொறுங்க" என்றேன். விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடியது. என் உயிர் சிவப்புக்கு வந்தது. சுபத்ரா இருக்கிற மருந்தையெல்லாம் என் மேலேயே கொட்டினாள். மொட்டையன் கையை ஓங்கினான்.

நங்கூரம் முன்னால் வந்து நின்றது.

அப்புறம் நாலு தடவை கை மாற்றினோம். ஐந்தாவதில் செத்தோம். மொட்டையனுக்கு இன்னும் பாதி உயிர் பாக்கி. ரீகனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கு என்று எழுதிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் முந்திரிக்கொத்துப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கையில் மாவு. அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டார்கள்.

"ரீகன்ட்ட பேசுனியாட்டி?"

"பேசுனோம் அத்தை" என்றேன்.